அனுமதிச் செய்தி வந்தால் முதலில் எதைப் பார்ப்பது? சின்ன கவுண்டர் (சிறிய நிறுவனப் பங்கு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, ஏதோ ஒரு நிறுவனத்துக்கு அரசு அனுமதி கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். “அப்ரூவல் கிடைச்சிருச்சு, நாளைக்கு லிமிட் அப் லா.” அதாவது, விலை ஒரு நாளுக்கான உச்சவரம்பைத் தொடும் என்று. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பங்கு வாங்கி விற்கும் எங்கள் வட்டத்தில் இதற்குப் பிறகு நடப்பது எப்போதும் ஒன்றுதான். முதலில் விலையைப் பார்ப்பார்கள். விலை ஏறியிருந்தால் செய்தி உண்மை என்று முடிவு கட்டுவார்கள். மறுநாள் காலை 9 மணிக்குப் பாய்ந்து வாங்குவார்கள். அறிவிப்பைத் திறந்து படிப்பது மூன்று வாரம் கழித்து, நஷ்டக் கணக்கு போட உட்காரும்போது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு குவாரி கவுண்டரில் மாட்டிக்கொண்டு, பாதி விலைக்கு விற்ற பிறகுதான் அந்த உரிமம் நிறுவனத்தின் பெயரிலேயே இல்லை, கூட்டாளியின் பெயரில் இருக்கிறது என்று தெரிந்தது. அது அறிவிப்பின் இரண்டாவது பத்தியிலேயே எழுதியிருந்தது.

சின்ன கவுண்டர் என்று நான் சொல்வது, வளரும் நிறுவனங்களுக்கான ஏஸ் சந்தையிலோ பிரதான சந்தையின் அடித்தட்டிலோ ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே ஓடுகிற பங்குகளை. ஒரே ஆலை, ஒரே சுரங்கம், ஒரே நிலம் என்று நிற்கும் நிறுவனங்கள். பெரிய வங்கிக்கு ஒரு அனுமதி வந்தாலும் போனாலும் விலை அசையாது. இங்கே ஒரு கடிதம் நிறுவனத்தின் பாதி மதிப்பைத் தூக்கும், இல்லையென்றால் புதைக்கும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். தாள் முதலில், கணக்கு அடுத்தது, விலை கடைசி. விலையை முதலில் பார்த்துவிட்டால் அப்புறம் படிப்பதெல்லாம் அந்த விலைக்குக் காரணம் தேடும் வேலையாகிவிடும்.

1. முன்கூட்டியே: ஒரு கவுண்டருக்கு ஒரு பக்கம்

செய்தி வந்த இரவில் அடிப்படைத் தகவலைத் தேட நேரமும் இருக்காது, நிதானமும் இருக்காது. அதனால் பங்கு வாங்கிய அன்றே நோட்டில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மொத்தப் பங்குகள் எத்தனை, கடைசி நான்கு காலாண்டில் லாபம் எவ்வளவு, சாதாரண நாளில் எத்தனை பங்கு கைமாறுகிறது, தொழில் எந்தெந்த உரிமங்களின் மேல் நிற்கிறது, அவை எப்போது முடிகின்றன.

கடைசி விஷயத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை. எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். நிறுவனம் பங்குச்சந்தைப் பட்டியலுக்கு வந்தபோது வெளியிட்ட புரோஸ்பெக்டஸ் என்ற விவரப் புத்தகத்தில் உரிமங்களுக்கென்றே ஒரு அட்டவணை இருக்கும். கொடுத்தது யார், யார் பெயரில், எந்தத் தேதிவரை, என்ன நிபந்தனை, அது நிறைவேறியதா என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். தடித்த புத்தகம்தான், ஆனால் அந்தச் சில பக்கங்களை மட்டும் படித்தால் போதும்.

உரிமம் எப்போது முடிகிறது என்று தெரிந்தவருக்கு, “புதுப்பிக்கப்பட்டது” என்ற செய்தி எதிர்பார்த்த ஒரு வேலை நடந்து முடிந்த செய்தி. தெரியாதவருக்கு அது புதையல். இதே வித்தியாசத்தில்தான் ஒருவர் விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார்.

உங்கள் புரோக்கர் ஒரு பரிவர்த்தனைக்குக் குறைந்தது எவ்வளவு பிடிக்கிறார் என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 20 காசு பங்கில் 1,000 வாங்கினால் முதலீடு 200 வெள்ளி. வாங்க 8, விற்க 8. நூற்றுக்கு எட்டு அங்கேயே போய்விட்டது. செய்தி நல்லதாக இருந்தும் லாபம் ஏன் இல்லை என்று குழம்புகிற பலருக்குப் பதில் இதுதான்.

2. படத்தை விடுங்கள், மூலத்தைத் திறங்கள்

மலேசியப் பங்குச்சந்தையான புர்சா மலேசியாவின் இணையதளத்தில் நிறுவன அறிவிப்புகளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டு, அன்றைய தேதியைப் பாருங்கள். அனுமதிச் செய்திகள் பெரும்பாலும் ‘ஜெனரல் அனவுன்ஸ்மெண்ட்’ என்ற பிரிவில் வரும். கூடவே பிடிஎஃப் இணைப்பு இருந்தால் அதையும் திறங்கள். மேலே நான்கு வரியும் இணைப்பில் நான்கு பக்கமும் இருப்பது சகஜம்.

ஏன் அங்கே? விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை உடனே வெளியிட வேண்டும் என்பது பட்டியல் விதிகளின் 9ஆம் அத்தியாயம். நிஜமான, பெரிய அனுமதி என்றால் அங்கே வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் செய்தி பொய்யாக இருக்கலாம், இல்லை நிறுவனமே அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை, இல்லை இன்னும் வெளியே வராத ரகசியம். மூன்றில் எதுவாக இருந்தாலும் வாங்க அவசரம் இல்லை. மூன்றாவது என்றால் வாங்கவே கூடாது, அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

சந்தை நேரத்தில் முக்கிய அறிவிப்பு வந்தால் அந்தக் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். புதியவர்கள் இதைக் கண்டு பதறுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் படிப்பதற்காகக் கொடுக்கப்படுவது. படியுங்கள்.

யூஎம்ஏ (வழக்கத்துக்கு மாறான சந்தை நடவடிக்கை) என்ற ஒன்றும் வரும். விலையோ கைமாறும் அளவோ காரணமில்லாமல் எகிறினால் புர்சா நிறுவனத்திடம் கேள்வி கேட்கும். நிறுவனம் விசாரித்துவிட்டு, “எங்களுக்குத் தெரிந்து காரணம் எதுவும் இல்லை” என்று பதில் தரும். இதைப் படித்துவிட்டு ஒருவர், “பாத்தீங்களா அண்ணே, மறைக்கிறாங்க” என்பார். பக்கத்தில் இருப்பவர், “ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே” என்பார். அந்தப் பதில் இரண்டுக்கும் ஆதாரம் ஆகாது. அதற்கு நீங்கள் வைக்கும் எடை பூஜ்யம்.

3. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டால்

நம் ஊர் சின்னது. ஒன்றுவிட்ட அண்ணன் நகராண்மைக் கழகத்தில் இருப்பார், மைத்துனி அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பார். கல்யாண விருந்தில் ஒரு வார்த்தை காதில் விழும்.

வெளிவராத, விலையை மாற்றக்கூடிய தகவல் கையில் இருக்கும்போது அந்தப் பங்கை வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம், இன்னொருவரிடம் சொல்லி வாங்க வைப்பதும் குற்றம். 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டம், 188ஆவது பிரிவு. 10 ஆண்டுவரை சிறையும், குறைந்தது 10 லட்சம் வெள்ளி அபராதமும். குறைந்தது என்பதைக் கவனியுங்கள். பத்தாயிரம் வெள்ளி லாபம் பார்த்தவருக்கும் அபராதம் அந்தத் தொகையில்தான் ஆரம்பிக்கும்.

காதில் விழுந்துவிட்டால் அறிவிப்பு வரும்வரை அந்தக் கவுண்டரைத் தொடாதீர்கள். வேறு வழி இல்லை.

4. எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

“அண்ணே, அப்ரூவ்ட்னு போட்டிருக்கே.”

“எது அப்ரூவ்ட் ஆச்சு தம்பி?”

இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் எனக்கு உடனே பதில் சொன்னதில்லை. அப்ரூவல் என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு படிகள் ஒளிந்திருக்கின்றன.

நம் பினாங்கிலேயே பார்க்கக்கூடியது வீட்டுத் திட்டம். ஒரு மேம்பாட்டாளர் முதலில் நகராண்மைக் கழகத்தில் கெபெனாரான் மெரன்சாங், அதாவது திட்ட அனுமதி, வாங்க வேண்டும். அப்புறம் கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல். அப்புறம் வீடமைப்பு அமைச்சிடம் மேம்பாட்டாளர் உரிமமும் விளம்பர அனுமதியும். இவை இல்லாமல் வீடு விற்க முடியாது. கட்டி முடித்த பிறகு, குடியேறலாம் என்று சொல்லும் சிசிசி சான்றிதழ். “திட்டத்துக்கு ஒப்புதல்” என்று தலைப்பு வந்தால் பெரும்பாலும் அது முதல் படி. காசு கைக்கு வருவது மூன்றாவது படிக்குப் பிறகு.

சுரங்கம் என்றால் நிலமும் குத்தகையும் மாநில அரசின் கையில். ஆய்வு உரிமம் வேறு, சுரங்கக் குத்தகை வேறு. குத்தகை கிடைத்தாலும், எப்படித் தோண்டப்போகிறோம் என்ற செயல்திட்டத்துக்குக் கனிமவளத் துறை ஒப்புதல் தர வேண்டும். திட்டத்தின் அளவைப் பொறுத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் உண்டு. ஆய்வு உரிமம் கிடைத்த செய்தியை வைத்து மண்ணுக்குள் இருக்கும் மொத்தத் தாதுவுக்கும் விலை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோண்டிப் பார்க்க மட்டும்தான் அந்தத் தாள் அனுமதிக்கிறது.

சூரிய மின்சாரத்திலும் இதே கதை. ஏலத்தில் தேர்வுப் பட்டியலில் பெயர் வருவது ஒன்று, மின் கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது இன்னொன்று. கடன் ஏற்பாடு முடிய வேண்டும், கட்ட வேண்டும், அதற்கெல்லாம் பிறகுதான் வணிக உற்பத்தி தொடங்கும். என் அத்தை மகன் தேர்வுப் பட்டியல் செய்திக்கே மார்ஜினில், அதாவது கடன் எடுத்து, வாங்கினான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது, பேனல் மட்டும் ஒன்றுகூட ஏறவில்லை.

எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற உதாரணம் மின்னிலக்க (டிஜிட்டல்) வங்கி உரிமம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு 29 விண்ணப்பங்கள் போயின. 2022 ஏப்ரல் 29 அன்று ஐந்து கூட்டணிகளின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்பே, “இவங்களும் விண்ணப்பம் போட்டிருக்காங்க” என்ற ஒரே காரணத்துக்காகக் கவுண்டர்களைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. 29இல் 24 வெறுங்கையோடு போயின. தேர்வான ஐந்தும் அன்றே கடை திறக்கவில்லை. 12 முதல் 24 மாதம்வரை தயார்நிலைக் காலம் இருந்தது, அதற்குப் பிறகு தணிக்கை. ஐந்தில் முதலாவதாக ஜிஎக்ஸ் பேங்க் செயல்படத் தொடங்க ஒப்புதல் பெற்றது 2023 செப்டம்பர் 1 முதல். பெயர் அறிவித்த நாளிலிருந்து 16 மாதம். லாபம் அதற்கும் அப்புறம்.

ஆக, அறிவிப்பை வைத்துக்கொண்டு நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

இது விண்ணப்பமா, கொள்கை அளவிலான ஒப்புதலா, முழு உரிமமா, செயல்படும் அனுமதியா? மலாய்க் கடிதத்தில் ‘கெலுலுசான் பிரின்சிப்’ என்று இருந்தால் அது கொள்கை அளவிலானது. பெண் பார்த்துப் பிடித்துவிட்டது என்ற கட்டம், இன்னும் பரிசம் போடவில்லை.

இதற்கு மேல் இன்னும் எத்தனை படி, எந்தெந்த அலுவலகத்தில்? மாநிலம் கொடுத்ததை மத்திய அமைப்பு தடுக்கலாம், மத்திய அமைப்பு கொடுத்தும் நகராண்மைக் கழகத்தில் தேங்கலாம். அலுவலகம் மாறும் இடத்தில்தான் தாமதம் நடக்கும்.

உரிமம் யார் பெயரில்? பட்டியலிட்ட நிறுவனமா, அதன் துணை நிறுவனமா, கூட்டாளியா? பங்கு எத்தனை விழுக்காடு? நான் குவாரியில் விழுந்தது இங்கே.

முடிந்தால் உரிமம் கொடுத்த அமைப்பின் பதிவேட்டிலும் ஒரு பார்வை பாருங்கள். மருந்து என்றால் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் தேடல் பக்கம், மருத்துவக் கருவி என்றால் மருத்துவக் கருவி ஆணையத்தின் பதிவேடு. பொருளின் பெயரைத் தட்டினால் யார் பெயரில் பதிவு என்று வரும். ஐந்து நிமிட வேலை.

5. கடைசிப் பத்தியை முதலில், நிபந்தனையை இரண்டு முறை

அறிவிப்பின் முடிவில் நிதி விளைவு பற்றி ஒரு பத்தி இருக்கும். நடப்பு நிதியாண்டின் வருமானத்துக்கும் நிகரச் சொத்துக்கும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருக்காது என்று பல அறிவிப்புகள் சொல்லும். வழக்கமாக எழுதும் வாசகம் என்று புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் நிறுவனமே கையெழுத்துப் போட்டுச் சொல்வது அது: இந்த வருடம் காசு இல்லை. நாளைக்கே விலை இரட்டிப்பாகும் என்று சொல்பவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள்.

அப்புறம் நிபந்தனைகள். எத்தனை வருடம், ஆண்டுக்கு எத்தனை டன், எந்தத் தேதிக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு வைப்புத்தொகை, எதைச் செய்தால் ரத்து.

இதற்கு நல்ல பாடம் பஹாங் மாநிலத்தின் கெபெங்கில் அரிய மண் (ரேர் எர்த்) ஆலை நடத்தும் லைனாஸ். ஆஸ்திரேலியச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனம்தான், நம் சின்ன கவுண்டர் கிடையாது, ஆனால் படிக்க வேண்டிய முறை ஒன்றே. 2023இல் அணுசக்தி உரிம வாரியம் அதன் உரிமத்தை மார்ச் 3 முதல் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தது. தலைப்பை மட்டும் படித்தவருக்கு நல்ல செய்தி. உள்ளே, கதிரியக்கக் கழிவு உண்டாக்கும் முதல் கட்டச் செயல்முறையை ஜூலை 1க்குப் பிறகு நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருந்தது. ஆலையின் தொடக்க வேலையே அதுதான். பிறகு அந்தக் கெடு 2024 ஜனவரி 1க்குத் தள்ளிப்போனது. 2023 அக்டோபரில் நிபந்தனையே மாற்றப்பட்டது. ஒரே உரிமம், ஒரே வருடம், மூன்று வேறு செய்தி. “புதுப்பிக்கப்பட்டது” என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டவர் மூன்றையும் தவறவிட்டிருப்பார்.

6. கெட்ட செய்தி என்றால் அதன் தரத்தைப் பாருங்கள்

நல்ல செய்திக்குப் படி இருப்பதுபோல் கெட்ட செய்திக்கும் உண்டு. காரணம் கேட்கும் கடிதம், அபராதம், வேலை நிறுத்த உத்தரவு, தற்காலிக முடக்கம், புதுப்பிக்க மறுப்பு, ரத்து. இவை எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே சொல்தான்: “லைசன்ஸ் போச்சு.” காரணம் கேட்கும் கடிதத்துக்கே பயந்து அடிமட்ட விலையில் விற்றவர்கள் நிறைய.

அதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “தற்காலிகம்தானே” என்று சும்மா இருப்பது. பஹாங்கில் பாக்சைட் தோண்டுவதை 2016 ஜனவரி 15 அன்று நிறுத்தியபோது சொன்னது மூன்று மாதம். தடை நீங்கியது 2019 மார்ச் 31 அன்று. நிறுத்தியதற்கான காரணத்தை நிறுவனம் தானே சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். ஒரு வடிகட்டியை மாற்றினால் போதும் என்றால் சில வாரம். மொத்தத் தொழிலுக்கே அரசு கொள்கை மாற்றுகிறது என்றால் நிறுவனத்தின் கையில் எதுவுமே இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகிறோம் என்று அறிவிப்பு வரலாம். அரசு முடிவை எதிர்த்து நீதிமுறை மறுஆய்வு கேட்க மூன்று மாத அவகாசம் உண்டு. மனு போட்டதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த முடிவுக்கு இடைக்காலத் தடை கிடைத்ததா என்று மட்டும் பாருங்கள். தடை கிடைத்தால்தான் வழக்கு முடியும்வரை ஆலை ஓடும். கிடைக்கவில்லை என்றால் வழக்கு ஓடும், ஆலை நிற்கும்.

7. ஒரு பங்குக்கு எத்தனை காசு?

இப்போது கால்குலேட்டர். நான் கற்பனையாக எடுத்துக்கொள்வது: 500 மில்லியன் பங்குகள், விலை 20 காசு, மொத்தச் சந்தை மதிப்பு 100 மில்லியன் வெள்ளி.

புதிய அனுமதியால் வரும் ஆலை வருடத்துக்கு 4 மில்லியன் லாபம் தரும் என்று வையுங்கள். நிறுவனத்தின் பங்கு 60 விழுக்காடு, ஆக 2.4 மில்லியன். சந்தை இப்போது இந்த நிறுவனத்தின் லாபத்துக்கு 12 மடங்கு விலை தருகிறது என்றால் 28.8 மில்லியன். 500 மில்லியன் பங்கால் வகுத்தால் பங்குக்கு ஐந்தே முக்கால் காசு.

பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆலை சும்மா முளைக்காது. கட்ட 30 மில்லியன் ஆகும், அதில் 60 விழுக்காடு 18 மில்லியன் என்றால் உண்மையில் மிஞ்சுவது 10.8 மில்லியன். பங்குக்கு இரண்டு காசுக்குச் சற்று மேல்.

அந்த 18 மில்லியன் எங்கிருந்து வரும்? சின்ன நிறுவனத்தில் பெரும்பாலும் பிரைவேட் பிளேஸ்மெண்ட், அதாவது குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் புதிய பங்கு விற்பது. 20 காசுக்கு 90 மில்லியன் புதிய பங்கு வெளியிட்டால் மொத்தம் 590 மில்லியன். மிஞ்சியதை வகுத்தால் இரண்டு காசுக்கும் குறைவு. புதிய பங்கைக் கடைசி ஐந்து நாள் சராசரி விலையிலிருந்து 10 விழுக்காடுவரை கழித்தும் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலை ஓட இரண்டு வருடம் ஆகும் என்றால் இன்னும் கொஞ்சம் குறையும்.

மறுநாள் காலையில் விலை 20இலிருந்து 29 காசுக்குப் போயிருக்கிறது. ஒன்பது காசு ஏற்றம் என்பது 45 மில்லியன் வெள்ளி. நீங்கள் போட்ட கணக்கோ பத்துச் சொச்சம். கணக்கு அரைகுறையாக இருக்கலாம், மடங்கு தப்பாக இருக்கலாம், ஆனால் நான்கு மடங்கு இடைவெளி இருக்கும்போது தசமப் புள்ளியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

கெட்ட செய்திக்கும் இதே கணக்குத்தான். முடங்கிய உரிமம் லாபத்தில் எத்தனை விழுக்காடு? ஐந்தில் ஒரு பங்கு தரும் ஆலை முடங்கி, விலை பாதியாக விழுந்தால், பீதி எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். ஆனால் அந்த ஆலையை வைத்து வங்கிக் கடன் வாங்கியிருந்தால் கதை வேறு. காலாண்டு அறிக்கையில் கடன் பகுதியைப் பார்க்காமல் பள்ளத்தில் வாங்காதீர்கள்.

8. இப்போது விலையைப் பாருங்கள்

செய்திக்கு முந்தைய மூன்று வாரத்தைப் பாருங்கள். கைமாறும் அளவு முன்பே பெருகி, விலையும் ஏறியிருந்தால், உங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் வாங்கி வைத்திருக்கிறது. செய்தி வந்த அன்று அவர்கள் விற்க ஆள் தேடுவார்கள். அந்த ஆள் நீங்களாக வேண்டியதில்லை.

விலை வரம்பைப் பற்றி ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. “ஒரு நாளைக்கு 30 விழுக்காட்டுக்கு மேல விழாது” என்பார்கள். அது ஒரு வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள பங்குக்கு. ஒரு வெள்ளிக்குக் கீழே வரம்பு 30 காசு. 20 காசு பங்கு ஒரே நாளில் 50 காசுவரை போக விதி இடம் தருகிறது. கீழ்ப்பக்கம் உங்களைக் காப்பாற்றும் வரம்பு என்று எதுவும் இல்லை.

இன்னொன்று, விலை அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும். 5 காசு பங்கில் ஒரு அடி நகர்ந்தாலே 10 விழுக்காடு. வாங்கும் வரிசைக்கும் விற்கும் வரிசைக்கும் நடுவே உள்ள அந்த அரைக் காசை, வாங்கிய நொடியிலேயே இழக்கிறீர்கள்.

9. எழுதிவிட்டு ஆர்டர் போடுங்கள்

சந்தை திறப்பதற்கு முன், முடிந்தால் முந்தைய இரவே, மூன்று வரி எழுதுங்கள். எந்த விலைவரை வாங்குவேன் அல்லது எந்த விலைக்கு விற்பேன். எத்தனை லாட் (ஒரு லாட் 100 பங்கு). எந்தத் தாள் வந்தால் மனதை மாற்றிக்கொள்வேன். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் நான்காவது படியை நீங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை, திரும்பிப் போங்கள்.

காலை 8.30 முதல் 9 மணிவரை முன்திறப்பு நேரம். அப்போது திரையில் காட்டும் தொடக்க விலை வெறும் கணிப்பு. பெரிய ஆர்டரைப் போட்டு விலையை உயர்த்திக் காட்டிவிட்டு, 8.58க்கு அதை எடுத்துவிடுவது நடக்கும். அந்த எண்ணைத் துரத்தாதீர்கள். விலை குறிப்பிட்ட ஆர்டர் மட்டும் போடுங்கள். சின்ன கவுண்டரில் வரிசை மெலிதாக இருக்கும், சந்தை விலைக்குக் கொடு என்று விட்டால் நாலைந்து அடி தாண்டிப் பிடித்துவிடும்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் போட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு போதும். முழு உரிமம் வரும்போது மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். விலை அப்போது கொஞ்சம் அதிகமாக இருக்கலாம், ஆனால் ஒரு படி ஏறிய பிறகு வாங்குகிறீர்கள்.

கான்ட்ரா வேண்டாம். வாங்கிய நாளுக்குப் பிறகு இரண்டாவது சந்தை நாளில் பணம் கட்ட வேண்டும். அதற்குள் விலை ஏறும், விற்று வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் கான்ட்ரா. அனுமதிச் செய்தி மாதக்கணக்கில் பலன் தரும் சமாச்சாரம். அதை இரண்டு நாள் கடனில் பிடிக்கப் பார்ப்பது, மாங்கன்று நட்டுவிட்டு மறுநாள் கூடையோடு போய் நிற்பது மாதிரி.

10. அடுத்த சில மாதங்கள்

எழுதிய மூன்றாவது வரிக்கு ஒரு தேதி போட்டு, போனில் நினைவூட்டல் வையுங்கள். காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் அறிக்கை வரும். எண்களை விட்டுவிட்டு, எதிர்கால வாய்ப்பு என்ற பகுதியில் அந்த அனுமதியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். போன அறிக்கையில் இருந்த திட்டம் இதில் காணவில்லை என்றால், அது சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது.

இயக்குநர்களும், 5 விழுக்காடும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களும் பங்கை வாங்கினாலோ விற்றாலோ அதே புர்சா பக்கத்தில் தெரிவிக்க வேண்டும். நல்ல செய்தி சொன்ன வாரமே அவர்கள் விற்றிருந்தால், காரணத்தை யூகிக்க மெனக்கெடாமல் உங்கள் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கும் போங்கள். ஒரு லாட் வைத்திருந்தாலும் கேட்கலாம், “மீதி எத்தனை அனுமதி பாக்கி, எந்த மாதம்?” என்று. பதில் சொல்லும் முகமே பாதி சொல்லிவிடும்.

11. சண்டை வந்தால்

புரோக்கர் தப்பான ஆர்டர் போட்டுவிட்டார், சொல்லாமல் விற்றுவிட்டார் என்றால் முதலில் அவரது நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பு. இதே வேலைக்கு முன்பு இருந்த சிட்ரெக் அமைப்பு 2025 ஜனவரியிலிருந்து அதில்தான் இணைந்திருக்கிறது. காண்ட்ராக்ட் நோட் (புரோக்கர் தரும் பரிவர்த்தனைச் சீட்டு), ஆர்டர் நேரம், பேசிய செய்திகள், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

டெலிகிராமில் காசு வாங்கிக்கொண்டு கவுண்டர் சொல்பவர் என்றால், சேர்வதற்கு முன்பே பங்குச்சந்தை ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலிலும் உரிமம் பெற்றவர்கள் பட்டியலிலும் பெயரைத் தேடுங்கள். அனுமதிச் செய்தியைப் பற்றிப் பாடம் எடுக்கிறவருக்கே ஆலோசனை சொல்ல அனுமதி இல்லாமல் இருப்பதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். செய்தியைத் தப்பாகப் படித்து வாங்கிய நஷ்டத்துக்கு மட்டும் புகார் கொடுக்க எந்த அலுவலகமும் கிடையாது.